சாய்தளம் போட்டாயிற்று, கதவு திறக்கிறதா? செட்டிநாட்டுக் கடைகள், விடுதிகள், மருத்துவமனைகளுக்கான கதவு ஹார்டுவேர் வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் புதிதாக எழும் வங்கிக் கிளைகள், மருத்துவமனைகள், ஜவுளிக்கடைகள் பலவற்றில் வாசலில் சாய்தளம் இருக்கிறது. சக்கர நாற்காலியில் அதில் ஏறி வருபவர் கதவுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிடுகிறார். கதவு கனமாக இருக்கும், கைப்பிடி உருண்டைக் குமிழாக இருக்கும், இல்லையென்றால் இரட்டைக் கதவில் ஒன்றுக்கு மட்டும் தாழ் நீக்கியிருப்பார்கள். உள்ளேயிருந்து யாராவது ஓடிவந்து திறந்துவிட வேண்டும். அப்படி ஓடிவருவது நல்ல மனசுதான், ஆனால் அதை ஏற்பாடு என்று சொல்ல முடியாது. வாடிக்கையாளர் தானாகத் திறந்து, தானாக உள்ளே வந்து, தானாக வெளியே போக வேண்டும். இதில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது கைப்பிடி, கீல், குளோசர் (கதவைத் தானாக மூடும் கருவி), பூட்டு, வாசற்படி ஆகிய ஐந்தும்தான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 தனியார் வணிகக் கட்டடங்களையும் கட்டுப்படுத்துகிறது. அணுகல் விதிகளைப் பின்பற்றாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி கொடுக்கக் கூடாது என்று அதன் 44ஆம் பிரிவு சொல்கிறது. அளவுகளுக்கு மத்திய வீட்டுவசதி அமைச்சகத்தின் 2021ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வழிகாட்டு நெறிமுறைகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது.

முதலில் டேப்பை எடுங்கள்

ஹார்டுவேர் கடைக்குப் போவதற்கு முன் ஒவ்வொரு கதவிலும் நான்கு அளவுகள் எடுக்க வேண்டும்.

முதலாவது, திறந்த அகலம். நிலைக்கு நிலை அளப்பது தவறு. கதவை 90 டிகிரி திறந்து நிறுத்தி, கதவுப் பலகையின் முகத்திலிருந்து எதிர் நிலைச்சட்டம் வரை அளக்க வேண்டும். 900 மி.மீ. கிடைக்க வேண்டும். "மூன்றடிக் கதவு சார், தாராளமா போகும்" என்று ஆசாரி சொல்வது பலகையின் அகலம். பலகையின் கனமும் கீலும் போனால் மிஞ்சுவது 860, 870தான். புதிதாகச் செய்வதாக இருந்தால் 1000 மி.மீ. பலகை என்று சொல்லிவிடுங்கள்.

இருக்கும் கதவில் முப்பது நாற்பது மி.மீ. குறைந்தால் நிலையை இடிக்க வேண்டியதில்லை, கீலை மாற்றலாம். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். கடையில் கேட்டால் பார்லிமெண்ட் கீலை எடுத்துக் கொடுப்பார்கள். அது கதவை 180 டிகிரி திறந்து சுவரோடு படுக்க வைத்தால் மட்டும் பலன் தரும். 90 டிகிரியில் நிற்கும் கதவில் அது பலகையை வழிக்குள் இன்னும் தள்ளி, இருக்கும் அகலத்தையும் குறைத்துவிடும். உங்களுக்கு வேண்டியது ஸ்விங் கிளியர் கீல். அதன் தகடு வளைந்திருப்பதால் சுழலும் அச்சு நிலைக்குப் பக்கவாட்டில் விலகி நிற்கும். 90 டிகிரியிலேயே கதவு வழியை விட்டு முழுதாக ஒதுங்கிவிடும். மதுரையிலோ சென்னையிலோ சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கலாம், வாங்கும்போது இடக்கையா வலக்கையா என்று பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது, வாசற்படியின் உயரம். 12 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது, இரு ஓரமும் சரிவாகச் சீவப்பட்டிருக்க வேண்டும். சக்கர நாற்காலியின் முன் சக்கரம் சிறியது, செங்குத்தான அரை இஞ்சு கிரானைட் விளிம்பே அதை நிறுத்திவிடும். தரையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஷட்டர் பூட்டுக் கொக்கியையும் இந்தக் கணக்கில் சேருங்கள்.

மூன்றாவது, கதவை இழுக்கும் பக்கத்தில் கைப்பிடியை ஒட்டி இருக்கும் வெற்றிடம். நாற்காலியில் இருப்பவர் கதவை இழுக்கும்போது கதவு அவர்மேலேயே வந்து இடிக்கும், அவர் ஒதுங்க இடம் வேண்டும். கைப்பிடி ஓரத்துக்கு அப்பால் 450 மி.மீ. முதல் 600 மி.மீ., கதவுக்கு முன்னால் 1500க்கு 1500 மி.மீ. சமதளம். கட்டும்போது இந்த இடம் இருக்கும். பிறகு அங்கே துணிக்கடை பொம்மையோ தண்ணீர் கேனோ செருப்பு ஸ்டாண்டோ வந்து உட்கார்ந்துவிடும். அவற்றை நகர்த்துவதற்குச் செலவே இல்லை. சுவரே குறுக்கே வந்தால் கதவைக் கைமாற்றி மாட்டுங்கள், அல்லது ஸ்லைடிங் கதவாக்குங்கள்.

நான்காவது அளவு விசை. பெரும்பாலோர் எடுக்காத அளவும் இதுதான்.

கதவு எவ்வளவு கனக்கிறது

உட்புறக் கதவைத் திறக்க 22 நியூட்டனுக்கு மேல் தேவைப்படக் கூடாது என்பது அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டமான ஏ.டி.ஏ.வின் தரநிலை வைத்திருக்கும் வரம்பு. இலக்காக வைத்துக்கொள்ள நல்ல எண். தராசுக் கணக்கில் ஏறக்குறைய 2.2 கிலோ. அளக்கப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு போதும். தாழ் நாக்கு உள்ளே மடங்கி இருக்கும்படி டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். கைப்பிடியில் கயிற்று வளையம் மாட்டி, கதவுக்குச் செங்குத்தாக, மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் தராசு பொய் சொல்லும். மூன்று முறை இழுத்து, உச்ச எண்ணைக் குறியுங்கள். ஏசி ஓடும் கடையில் எக்ஸாஸ்ட் விசிறியையும் ஓடவிட்டு அளக்க வேண்டும். உள்ளே காற்றழுத்தம் குறைந்தால், வெளிப்பக்கம் திறக்கும் கதவை வெளிக்காற்று அழுத்திப் பிடித்துக்கொள்ளும். காலையில் லேசாக இருந்த கதவு மதியம் கனப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவு அதிகமாக வந்தால் முதலில் குளோசர் கையைக் கழற்றிவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். அப்போதும் கனத்தால் குற்றம் கீலிலோ, தரையில் உரசும் பலகையிலோ இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மரம் ஊதும், அந்த நாட்களில் உரசும் ஓரத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள். தை பிறந்து மரம் காய்ந்த பிறகு குறித்த அளவு மட்டும் இழைப்புளி போடுங்கள். மழையிலேயே சீவினால் கோடையில் விரல் நுழையும் சந்து விழும்.

கையைக் கழற்றியதும் லேசாகிவிட்டால் குற்றம் குளோசரில். இதில் ஒரு கணக்கு உண்டு. ஐரோப்பியத் தரநிலை இ.என். 1154இன்படி 3ஆம் எண் குளோசர் 950 மி.மீ. அகலம், 60 கிலோ வரையான கதவுக்கு உரியது. அது கதவை மூடத் தரும் திருப்புவிசை குறைந்தது 18 நியூட்டன் மீட்டர். கைப்பிடி கீலிலிருந்து 0.85 மீட்டர் தள்ளி இருந்தால் அந்த மூடும் விசையே கையில் 21 நியூட்டனாகத் தெரியும். திறக்கும்போது எண்ணெயின் எதிர்ப்பும் உராய்வும் அதோடு சேரும், 22ஐத் தாண்டிவிடும். அதாவது அட்டவணை பார்த்துச் சரியாக வாங்கிய குளோசரே வயதானவருக்குக் கனக்கும். ஆகவே இந்த வரிசையில் யோசியுங்கள்:

1. இந்தக் கதவுக்குக் குளோசர் வேண்டுமா? தீத்தடுப்புக் கதவாகவோ, ஏசி அறையாகவோ, கழிவறையாகவோ இல்லாவிட்டால் கழற்றிவிடலாம். மிக மலிவான தீர்வு இதுதான்.
2. வேண்டும் என்றால் ஸ்பிரிங் பலத்தை 1 முதல் 4 வரை மாற்றக்கூடிய மாடலாக வாங்கி, மிகக் குறைந்த பலத்தில் தொடங்குங்கள். தாழ் விழவில்லை என்றால் மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள்.
3. அதிலும் சறுக்குக் கையோடு வரும் கேம் வகைக் குளோசர் மேல். முதல் சில டிகிரி தாண்டியதும் விசை சட்டென்று குறைந்துவிடும்.
4. வெளிவாசல் கண்ணாடிக் கதவு இதற்கும் மசியவில்லை என்றால் தானியங்கிதான்.

தீத்தடுப்புக் கதவில் மட்டும் விசையைக் குறைக்காதீர்கள், அது தானாக மூடித் தாழ் விழுந்தே ஆக வேண்டும். மின்காந்தப் பிடிப்பான் வைத்து எப்போதும் திறந்து வையுங்கள். தீ எச்சரிக்கை ஒலித்ததும் காந்தம் விட்டுவிட, கதவு மூடிக்கொள்ளும். அதற்குப் பதிலாகச் செங்கல்லை முட்டுக்கொடுத்து நிறுத்துவதை எங்கே பார்த்தாலும் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது வேகம். 90 டிகிரியிலிருந்து 12 டிகிரிக்கு வரக் கதவு 5 விநாடியாவது எடுக்க வேண்டும். 900 மி.மீ. கதவில் 12 டிகிரி என்பது விளிம்பு நிலையிலிருந்து சுமார் 19 செ.மீ. தள்ளி நிற்கும் இடம், தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, கைபேசியில் நேரம் பாருங்கள். குளோசரில் இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்று வீச்சு வேகம், மற்றது கடைசியில் தாழ் விழும் வேகம். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். முழுதாக வெளியே கழன்றால் எண்ணெய் பீச்சும், குளோசர் அத்தோடு முடிந்தது. உடம்பில் எண்ணெய் கசிந்த கறை தெரிந்தாலும் அப்படித்தான், ரிப்பேர் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். மேற்குப் பார்த்த வாசலில் சித்திரை வெயிலுக்கு எண்ணெய் இளகி, காலையில் நிதானமாக மூடிய கதவு மாலையில் படார் என்று அடிக்கும். அந்த வாசலுக்கான வேகத்தை மாலை நான்கு மணிக்கு அமையுங்கள்.

கைப்பிடி, பூட்டு

சோதனை ஒன்றுதான்: விரல்களை மடக்கி முட்டியாக வைத்துக்கொண்டு திறந்து பாருங்கள். திறந்தால் சரி. மூட்டுவாதம் உள்ளவர், பக்கவாதத்தில் ஒரு கை செயலிழந்தவர், இரு ஊன்றுகோலோடு வருபவர் எல்லோருக்கும் பிடித்துத் திருக வேண்டிய குமிழ் பகை. லீவர் கைப்பிடி போடுங்கள். தரையிலிருந்து 900 முதல் 1000 மி.மீ. உயரம், கம்பி 20 மி.மீ. பருமன், கதவுக்கும் கம்பிக்கும் நடுவே 45 மி.மீ. இடைவெளி. முனை கதவை நோக்கி மடங்கி இருக்க வேண்டும். நேராக நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் சேலைத் தலைப்பும் பை வாரும் மாட்டும்.

லீவர் தொங்கிப்போவது பரவலான புகார். கதவை ஊடுருவிச் செல்லும் போல்ட் கொண்ட மாடலை வாங்குங்கள். மர ஸ்குரூவில் மட்டும் நிற்கும் ரோஸ் (கைப்பிடியின் அடித்தகடு) ஓராண்டில் ஆடும். கைப்பிடியைச் சதுரக் கம்பியில் இறுக்கும் குட்டி ஸ்குரூவில் ஒரு சொட்டு திரெட் லாக் (ஸ்குரூ தளராமல் பிடிக்கும் பசை) விடுங்கள். கைப்பிடியைத் தூக்கிப் பிடித்தால்தான் பூட்டு விழுகிறது என்றால் பூட்டில் கோளாறு இல்லை. கதவு தொய்ந்து, நாக்கு தகட்டின் ஓட்டைக்குக் கீழே இடிக்கிறது. மேல்கீலின் ஸ்குரூக்களைக் கழற்றி 50 மி.மீ. நீள ஸ்குரூவால் நிலைச்சட்டத்துக்குள் ஆழமாக இறுக்கினால் பெரும்பாலும் நேராகிவிடும்.

தலைக்கு மேலே மேல்தாழ்ப்பாள், காலடியில் கீழ்த்தாழ்ப்பாள் என்ற நம்மூர் வழக்கம் நாற்காலியில் இருப்பவரை அறைக்குள் அடைத்துவிடும். விடுதி அறைகளில் உட்புறத் தாழ் லீவர் உயரத்திலேயே, பெரிய திருப்புப் பட்டையோடு இருக்கட்டும்.

நிறம் கண்ணில் பட வேண்டும். கருந்தேக்குக் கதவில் ஆன்டிக் பித்தளை அழகுதான், பார்வை மங்கியவருக்குக் கதவோடு கலந்துவிடும். மெருகேற்றிய பித்தளையோ சாட்டின் எஸ்.எஸ். 304ஓ (துருப்பிடிக்காத எஃகு) போடுங்கள். மேற்கு வெயில் நேராக விழும் வாசலில் உலோகம் சுடும், அங்கே நைலான் உறை போட்ட கைப்பிடி நல்லது.

கதவைத் தள்ளும் பக்கத்தின் அடியில் 300 மி.மீ. உயரத்துக்கு 1.2 மி.மீ. எஸ்.எஸ். தகடு அடியுங்கள். நாற்காலியின் கால்தட்டு அங்கேதான் இடிக்கும். ஸ்குரூத் தலை தகட்டுக்குள் அமிழ்ந்திருக்கட்டும்.

பழைய தேக்கு வாசல்

கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் விடுதியாகவோ கடையாகவோ மாறிய பழைய வீடுகளில் வேலை வேறு விதம். பர்மா தேக்கு இரட்டைக் கதவு, செதுக்கிய நிலை, மஞ்சள் குங்குமம் இட்ட உயர்ந்த நிலைப்படி. இவற்றில் எதையும் வெட்டச் சொல்லவில்லை, வெட்டத் தேவையும் இல்லை.

இரட்டைக் கதவில் ஒரு பலகை இரண்டடிதான் இருக்கும். ஒன்றை மட்டும் திறந்து வைத்தால் நாற்காலி நுழையாது. வியாபார நேரம் முழுவதும் இரண்டு பலகையும் திறந்து, சுவரில் கொண்டியில் மாட்டி நிற்க வேண்டும். கொண்டி 900 மி.மீ. உயரத்தில் இருக்கட்டும். ஸ்டாப்பருக்காக ஆத்தங்குடிக் கல்லில் துளை போடாதீர்கள். கையால் வார்த்த சிமெண்டுக் கல், டிரில் பட்டால் விரியும், அதே நிறத்தில் மாற்றுக்கல் கிடைப்பதும் கடினம்.

நிலைப்படியின் மேல் கழற்றி மாட்டும் மரச் சாய்தளம் வையுங்கள். சரிவு 1க்கு 12. நான்கு இஞ்சுப் படி என்றால் இரு பக்கமும் தலா நான்கடி நீளம். 18 மி.மீ. மரைன் பிளைவுட், அடியில் சட்டம், ஓரங்களில் 50 மி.மீ. தடுப்புப் பட்டை, மேலே சொரசொரப்பான ரப்பர் ஷீட். இரண்டு துண்டையும் நிலைப்படிக்கு மேலாக ஒரு தட்டையான பலகை இணைத்தால், நிலைப்படியே நடுவில் நின்று சாய்தளம் நகராமல் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் மெழுகிய ஆத்தங்குடித் தரை வழுக்கும், அடிச்சட்டத்தில் ரப்பர் பட்டை அவசியம். பலர் மறப்பது இது: பழைய கதவு உள்பக்கம் திறப்பது. உட்பக்கச் சாய்தளத்தை நிரந்தரமாக வைத்தால் இரவில் கதவு மூடாது. தூக்கி வைக்கக்கூடிய எடையில், கைபிடித் துளையோடு செய்யுங்கள். காலையில் கதவைக் கொண்டியில் மாட்டியதும் சாய்தளத்தை வைப்பது கடை திறக்கும் வேலைகளில் ஒன்றாகிவிட வேண்டும்.

தெருவிலிருந்து வாசல் மூன்றடி உயரம் என்றால் 1க்கு 12 கணக்கில் 36 அடி சாய்தளமும் இடையில் ஓய்வுத் தளமும் வேண்டும், முன்வாசலில் இடம் போதாது. நகரத்தார் வீடுகள் பல ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. பின்கட்டு வாசல் தாழ்வாக இருந்தால் அதை இன்னொரு முழு வாசலாக்குங்கள்: பலகை, விளக்கு, அழைப்பு மணி, நல்ல கைப்பிடி எல்லாம் வேண்டும். குப்பைத் தொட்டிக்கும் எரிவாயு உருளைக்கும் நடுவே விருந்தாளியை வரவழைக்காதீர்கள்.

பழைய கதவில் வளையம் மட்டும்தான் இருக்கும். கூடுதலாக டி வடிவக் கைப்பிடி போடுவதாக இருந்தால் செதுக்கிய பலகையை விட்டுவிட்டு வெறும் ஓரச்சட்டத்தில் போடுங்கள். முற்றிய தேக்கு கல் போன்றது. 8ஆம் எண் ஸ்குரூவுக்கு 3 மி.மீ. துளை போட்டு, முதலில் அதே அளவு எஃகு ஸ்குரூவை ஏற்றி இறக்கிப் புரி வெட்டிக்கொண்டு, பிறகு மெழுகு தடவிய பித்தளை ஸ்குரூவை இறுக்குங்கள். நேராகப் பித்தளையை ஏற்றினால் தலை திருகிக்கொண்டு போய்விடும்.

கண்ணாடிக் கதவும் ஃபுளோர் ஸ்பிரிங்கும்

12 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ. ஒரு மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரக் கதவு 63 கிலோ வரும். அந்த எடைக்கு உரிய ஃபுளோர் ஸ்பிரிங் (தரையில் பதித்த பெட்டிக்குள் இருந்து கதவைத் தாங்கி மூடும் கருவி) வேண்டும். "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஒரு எண் கூடுதலாகப் போடுவதால்தான் கடைக் கதவுகள் கனக்கின்றன.

நம் பக்கத்தில் இது கெட்டுப்போக முக்கியக் காரணம் தண்ணீர். காலையில் வாசல் கழுவிக் கோலம் போடுகிறோம், தண்ணீர் மூடித்தகட்டின் ஓரமாகப் பெட்டிக்குள் இறங்கித் தங்குகிறது. செம்மண் தூசியும் சேர்ந்து குழம்பாகி, அச்சு துருப்பிடிக்கிறது. அறிகுறி: கதவு நடுவில் சரியாக வந்து நிற்காது, திறக்கும்போது நெறுநெறுவென்னும். பொருத்தும்போதே பெட்டிக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே அடைப்புக் கலவை ஊற்றச் சொல்லுங்கள், மூடித்தகட்டைச் சுற்றி சிலிக்கான் போடுங்கள். தினமும் கழுவும் வாசல் என்றால் தரையில் பெட்டியே தேவைப்படாத ஹைட்ராலிக் பேட்ச் ஃபிட்டிங் (கண்ணாடியின் கீழ்மூலையில் மாட்டும், குளோசர் உள்ளடங்கிய பிடி) நல்ல தேர்வு.

கைப்பிடி நெடுக்காக, குறைந்தது 300 மி.மீ. நீளம், 800 மி.மீ. உயரத்தில் தொடங்கட்டும். "தள்ளு", "இழு" ஸ்டிக்கருக்குப் பின்னால் ஒளிபுகாத தாள் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் மறுபக்கத்திலிருந்து எழுத்து இடவலம் மாறித் தெரிந்து குழப்பும். கண்ணாடியில் 900, 1500 மி.மீ. உயரங்களில் பின்னணியோடு மாறுபட்டுத் தெரியும் பட்டைகள் இரண்டு வேண்டும்.

கழிவறைக் கதவு

இங்கே கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அல்லது ஸ்லைடிங். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் அவர் உடம்பே உள்திறக்கும் கதவை அடைத்துக்கொள்ளும். வெளியே திறக்கும் கதவை நாற்காலியில் அமர்ந்தபடி இழுத்து மூட, கதவின் உட்பக்கம் 700 மி.மீ. உயரத்தில் 600 மி.மீ. நீளக் குறுக்குக் கம்பி ஒன்று பொருத்துங்கள். பூட்டு, வெளியிலிருந்து நாணயத்தால் திருகித் திறக்கக்கூடிய வகையாக இருக்கட்டும். அப்படித் திறக்கலாம் என்பது கல்லாவில் இருப்பவருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்லைடிங் என்றால் மேலே தொங்கும் தடம் போடுங்கள், தரையில் தண்டவாளம் வேண்டாம். பதித்த குழி இழுப்பானில் விரல் நுழைக்க எல்லோராலும் முடியாது, இரு பக்கமும் டி கைப்பிடி வேண்டும். முழுதாகத் திறந்த நிலையில் கைப்பிடி சுவருக்குள் மறையாதபடி தடத்தில் முன்கூட்டியே ஸ்டாப்பர் வையுங்கள். அப்படி வைத்த பிறகும் 900 மி.மீ. திறப்பு மிஞ்சுகிறதா என்று பலகை செய்யும் முன்பே கணக்கிடுங்கள்.

அவசர வழியும் தானியங்கியும்

வெளியேறும் கதவு சாவி இல்லாமல் உள்ளிருந்து திறக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016. கல்யாண மண்டபத்திலும் பெரிய ஜவுளிக்கடையிலும் தள்ளினால் திறக்கும் பேனிக் பார் போடுங்கள். அதன்மேல் சங்கிலி சுற்றிப் பூட்டினால் போட்டதற்கே அர்த்தமில்லை.

தானியங்கிக் கதவின் பொத்தான் உள்ளங்கை அளவுக்குக் குறையாத தகடாக, 900 முதல் 1000 மி.மீ. உயரத்தில், கதவு வீசும் வட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளை நினைத்து வாங்குங்கள்: பேட்டரி இருக்கிறதா, அதுவும் தீர்ந்தால் கையால் எவ்வளவு விசையில் திறக்கிறது? விற்பவரிடம் மின்சாரத்தை நிறுத்திக் காட்டச் சொல்லி, உங்கள் கொக்கித் தராசாலேயே அளந்துவிட்டுப் பணம் கொடுங்கள். மின்காந்தப் பூட்டு உள்ள கதவு மின்சாரம் போனால் திறந்துகொள்ளும் வகையாக இருக்கட்டும்.

பொருத்தி முடித்ததும் ஒவ்வொரு கதவின் விசை, மூடும் நேரம், திறந்த அகலம் மூன்றையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், அடைமழை தொடங்கிய வாரத்திலும், சித்திரையிலும் மறுபடி அளந்து பக்கத்திலேயே எழுதி வந்தால், கீல் தொய்வதும் ஸ்பிரிங் துருப்பிடிப்பதும் வாடிக்கையாளர் சொல்லும் முன் எண்ணிலேயே தெரிந்துவிடும்.